காரம் ஆகாத பிள்ளை

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் மனோகர், மனோகர் என்று ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே ஒரு ஓட்டல்காரன், அவன் பெயர் மனோகர் இல்லை. முனியப்பன். கோலார் தங்க வயலில், மைசூர் மைன்ஸ் தொழிலாளிகளின் லைன் வீடுகளில், எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் பிறந்து வளர்ந்தவன். அவனைப் பெற்ற பார்வதம்மா இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். இதைத் தெரிந்துகொண்டு மிச்சத்தைக் கேளுங்கள். அப்போதுதான் எனக்கு எரிந்த மாதிரி உங்களுக்கும் வயிறு எரியும்.

நான் ஷோபா. அவன் ஓட்டலில் ஒயின் பரிமாறுகிறவள். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் சேரும், எது சேராது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதற்கென்று படித்துப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்திருக்கிறேன். தினமும் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் போய் வருகிறேன். எங்கள் லைனில் என்னைச் 'சாராயம் ஊத்தற பொண்ணு' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். நானும்தான். ஸ்டோர் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"ஒன்ன எவன் கேட்டாலும் ஊரு பங்காருபேட்டைன்னு சொல்லு. என்னப் பத்தி ஒனக்கு ஒண்ணும் தெரியாது. புரியுதா?"

"புரியுது சார்."

வேறு என்ன சொல்வது? நான் அவனைப் பெற்றவளா, காதைப் பிடித்துத் திருகுவதற்கு? எனக்கு வேலை வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

சாரா என்று ஒரு அம்மாள். இத்தாலியிலிருந்து ஒயின் தருவித்து விற்பவர். பெங்களூர் கன்டோன்மெண்டில் பிறந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். அவரும் மனோகரும் கூட்டுச் சேர்ந்து பெரிதாக ஒரு ரெஸ்டாரண்ட் திறப்பதாகப் பேச்சு. அந்த அம்மாளிடம் இவன் அளந்து வைத்திருந்தான்: தாத்தா மைனில் பெரிய இன்ஜினியர், அங்கேயே நந்திதுர்க் மைன் பக்கத்தில் பங்களா, பட்லர், ரோஜாத் தோட்டம், பியானோ. பியானோவாம்! இவன் அப்பா ஆறுமுகம் சுரங்க ஷாப்ட்டுக்குள் முட்டுக் கொடுக்கும் மரம் சுமந்தவர். நெஞ்சில் கல்தூசி அடைத்து, இருமி இருமியே செத்தார். அப்பாவின் காரியத்துக்கு வந்தவன், காரியம் முடிந்த கையோடு பஸ் ஏறினான். அதோடு சரி. அம்மா இருக்கிறாளா, தின்றாளா என்று எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் சாரா அம்மாள் அவனிடம் கேட்டார். "அந்த பங்களாலயே ஒரு லஞ்ச் வெச்சா என்ன மனோகர்? என் புது புரொசெக்கோவ உங்க ஊர் சாப்பாட்டோட குடிச்சுப் பாக்கலாம். ஃப்ரெண்ட்ஸ் கொஞ்சம் பேர கூட்டிட்டு வரேன். நல்லா வந்துச்சுன்னா அதே மெனுவோட நம்ம ரெஸ்டாரண்ட தொறந்துடலாம்."

புரொசெக்கோ என்பது இத்தாலிக்காரர்களின் நுரை ஒயின். சாரா அம்மாள் கொண்டுவந்திருந்தது சர்க்கரை மிகவும் குறைந்த ரகம். இதற்கு உப்புப் பண்டம் பிடிக்கும், எண்ணெயில் பொரித்தது பிடிக்கும். நாக்கில் படிந்த கொழுப்பை நுரை வழித்துக்கொண்டு போய்விடும், அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிவிடும். ஆனால் காரம் ஆகவே ஆகாது. மிளகாய் ஏறின நாக்கில் நுரை பட்டால் எரிச்சல் இரண்டு மடங்காகும். இனிப்போ ஜென்ம விரோதி. வெல்லம் தின்ற வாயில் இதை ஊற்றினால் புளிப்பும் கசப்பும்தான் மிஞ்சும், காசு கொடுத்து வாங்கினவன் அழுதுவிடுவான்.

எங்கள் ஊர்ச் சாப்பாட்டை அவனுடைய ஓட்டல் சமையல்காரர்கள் செய்து செய்து பார்த்தார்கள். கருவாடு கருகியது. ஆட்டுக் குடலைக் கழுவத் தெரியாமல் போட்டி வறுவல் நாறியது. களி கட்டி கட்டியாக நின்றது. கடைசியில் ஒரு சாயங்காலம் நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது என்னைக் காரில் ஏறச் சொன்னான்.

"ஷோபா, எங்கம்மாவ வந்து சமைக்கச் சொல்லு."

"நீங்களே போயி சொல்லலாமே சார்."

"நான் போனா லைனே கூடிடும். நீ சொல்லு. ஆனா அம்மான்னு அங்க யாருக்கும் தெரியக் கூடாது. கிச்சன விட்டு வெளிய தல காட்டக் கூடாது."

"பெத்தவங்கள்ட்ட இத நான் எப்டி சார் சொல்றது?"

கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான். "சாப்பாடு முடிஞ்சதும் நானே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்னு சொல்லு. இவங்கதான் எங்கம்மா, இவங்கதான் சமைச்சாங்கன்னு."

"நெஜமா சொல்வீங்களா?"

"சொல்லுன்னா சொல்லேன். ஏன் நோண்டற?"

அன்றைக்கே பார்வதம்மா வீட்டுக்குப் போனேன். முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் சின்ன வயதிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"முனியனா? என் முனியனா கூப்ட்டான்?"

"ஆமா அத்த."

"இன்னான்னு சொன்னான்? பார்வதம்மான்னா, அம்மான்னா?"

"அம்மான்னுதான் சொன்னாரு."

முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், வியர்வையே இல்லாத முகத்தை. நான் அவன் போட்ட நிபந்தனைகளைச் சொன்னேன். எனக்குத்தான் சொல்லக் கூசியது, அவளுக்குக் கேட்க ஒன்றும் கூசவில்லை.

"அதான, பெரிய மன்சங்க வர்ற எடம். எடுத்த ஒடனே இவதான் எங்கம்மான்னு இஸ்துகினு வந்து நிறுத்த முடியுமா? கடைசில சொல்றேன்றான் இல்ல, சொல்வான். எனக்கு இன்னா வேணும், பங்களாவா வேணும்? நாலு பேரு முன்னாடி ஒரு தரம் அம்மான்னு வாயால சொன்னா போதும். நீ அங்க கீற இல்ல, பாத்துட்டு வந்து இந்த லைன்ல கீறவளுங்க கிட்ட சொல்லு. ஒனக்கு மவன் கீறானா இல்லியான்னு கேட்டுகினு கீறாளுங்க."

இதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஒரு சொல். அதற்காக அவள் மலையைக்கூடச் சமைத்துப் போட்டிருப்பாள்.

லஞ்ச் அன்றைக்கு நான் சீக்கிரமே பங்களாவுக்குப் போய்விட்டேன். வாடகைக்குப் பிடித்த பங்களா. தகரக் கூரை, பாதி ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. பின்னால் சயனைட் மேடு, தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண்ணின் குவியல், சாம்பல் நிறத்தில் ஏறி நின்றது. ஹாலுக்குள் போனால் பியானோ! பெங்களூரிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டிருக்கிறான், பாவி. ஒயினைக் குளிர வைக்க ஐஸ் பங்காருபேட்டை மீன் கடையிலிருந்து வந்திருந்தது. பாட்டிலெல்லாம் மீன் வாடை. ஒவ்வொன்றாக எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினேன். இந்த ஒயினுக்கு மூக்குத்தான் முதல் வாசல், அங்கே மீன் வாடை அடித்தால் எல்லாம் போச்சு.

பார்வதம்மா அவளுடைய சட்டி, கரண்டி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நீலப் பட்டுப் புடவை கட்டி, அதன் மேல் ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றாள்.

"பட்டுப் பொடவைல எதுக்கு அத்த சமைக்கறீங்க? எண்ணெ தெறிக்கும்."

"கடைசில கூப்டுவான் இல்ல. அப்ப போயி மாத்திகினு இருக்க முடியுமா?"

மனோகர் பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். இத்தனை வருடம் கழித்து அம்மாவும் பிள்ளையும் பார்க்கிறார்கள். நான் வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன், அதற்கு அவசியமே இல்லாமல் போனது. அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவன் கன்னத்தைத் தொடப் போனாள். அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்து சட்டையைப் பார்த்துக்கொண்டான். வெள்ளைச் சட்டை.

"வந்துட்டீங்களா? நல்லது. கொழம்புல காரம் இருக்கக் கூடாது, ஷோபா சொல்லியிருப்பா. தட்டெல்லாம் அவ எடுத்துட்டுப் போவா, நீங்க வர வேணாம்."

வந்துட்டீங்களாவாம். பெற்றவளிடம், யாரோ அந்நியரிடம் பேசுகிற மாதிரி, 'ங்க' போட்டுப் பேசுகிறான். எனக்கு அங்கேயே ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. அவளோ, "இளைச்சிட்டான் இல்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

காரத்தைப் பற்றி அவளிடம் சொல்ல நான் மறந்தே போயிருந்தேன். பதறிப் போய்க் குழம்பை ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். ஆட்டுக்கறிக் குழம்பு. மிளகு வாசம் இருந்தது, தனியா வாசம் இருந்தது, தேங்காய் இருந்தது. மிளகாயின் உறைப்பு மட்டும் இல்லை.

"அத்த, காரமே போடலியா?"

"அவனுக்கு சின்னதுல இருந்தே காரம் ஆவாது. ஒரு துளி பட்டா நாக்க தொங்கப் போட்டுகினு வூட்ட சுத்தி ஓடுவான். அவங்கப்பாவுக்கு தனியா ஆக்கி, இவனுக்கு தனியா ஆக்குவேன். நீ இன்னா சொல்றது, எனக்குத் தெரியாதா?"

யாரும் கேட்காமலே அந்த ஒயினுக்கு எது வேண்டுமோ அதைச் செய்து வைத்திருந்தாள். ஒயினுக்காக இல்லை, அவன் நாக்குக்காக. அந்த நாக்குத்தான் அன்றைக்கு என்னென்ன பேசியது என்று கேளுங்கள்.

விருந்தாளிகள் வந்தார்கள். சாரா அம்மாளும் அவருடைய சிநேகிதர்களும். வந்ததும் சயனைட் மேட்டைப் படம் எடுத்தார்கள். பியானோவைத் தடவிப் பார்த்தார்கள். இவன், "தாத்தா சாயங்காலத்துல வாசிப்பாரு" என்றான். வாய் கூசாமல் சொன்னான்.

முதலில் நெத்திலிக் கருவாடு. மொறுமொறுவென்று பொரித்து, மேலே எலுமிச்சை பிழிந்திருந்தாள். நான் ஒயினை ஊற்றினேன். உப்பும் மொறுமொறுப்பும் நாக்கில் இருக்கும்போதே குளிர்ந்த நுரை உள்ளே போனது. சாரா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். "மனோகர், என்ன இது! இதுக்குன்னே செஞ்ச ஒயின் மாதிரி இருக்கு."

"எங்க பட்லரோட ரெசிபி" என்றான்.

காலித் தட்டோடு நான் சமையலறைக்குள் நுழைந்தேன். அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். "சொல்ட்டானா?"

"இப்பதான அத்த மொதல் தட்டு. கடைசில சொல்வாரு."

அடுத்தது போட்டி வறுவல். மிளகு பேருக்கும் பூண்டு நிறையவும் போட்டு, கொழுப்பு பளபளக்க வறுத்திருந்தாள். கொழுப்புக்கு இந்த நுரையைப் போல மருந்து வேறு கிடையாது. தட்டுகள் மடமடவென்று காலியாகின. இது என்ன கறி என்று ஒருத்தர் கேட்டதற்கு, "ஆட்டுக்கறில ஒரு ஸ்பெஷல் கட்" என்றான். குடல் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் உள்ளே போனேன். "சொல்ட்டானா?" என்றாள் மறுபடியும். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மூன்றாவதாகக் களியும் குழம்பும். இங்கேதான் சாரா அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தியச் சாப்பாட்டோடு இந்த ஒயினைக் குடித்து வாய் எரிந்தவர் அவர். பயந்து பயந்து ஒரு வாய் வைத்தார், ஒயினைக் குடித்தார், இன்னொரு வாய் வைத்தார்.

"எரியவே இல்லயே! இவ்ளோ டேஸ்ட் இருக்கு, ஆனா காரம் இல்ல. ஒயின கெடுக்கவே இல்ல. இந்த சமையல்காரங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கதவு இடுக்கில் நீலப் பட்டின் ஓரம் தெரிந்தது. இதைவிட நல்ல இடம் அவனுக்கு வாய்க்குமா? எங்கம்மா, எனக்குக் காரம் ஆகாது என்று இப்படிச் செய்வாள் என்று சொன்னால் தீர்ந்தது.

"நான்தான் ட்ரெயின் பண்ணேன்" என்றான். "பத்து நாள் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தேன். லைன் வீட்டுப் பொம்பளைங்களுக்கு மொளகாய அள்ளிக் கொட்டத்தானே தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நீலப் பட்டு இடுக்கிலிருந்து மறைந்தது.

நான் உள்ளே போனபோது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தோசைக்கல்லில் எதையோ திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெல்லம் போட்ட கேழ்வரகு அடை. நெய் மணத்தது. மெனுவில் அது கிடையாது.

"அத்த, இந்த ஒயினுக்கு இனிப்பு ஆவாது. கசந்துடும்."

"அவுங்களுக்கு இல்ல. அவனுக்கு. இஸ்கூல் வுட்டு வந்தா இதத்தான் கேப்பான்."

அந்த நேரம் பார்த்து அவனே உள்ளே வந்தான். அடையைப் பார்த்தான். பின்னால் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தான்.

"இத யாரு பண்ணச் சொன்னது? இனிப்போட இந்த ஒயின குடிச்சா சாரா துப்பிடுவாங்க. எல்லாத்தையும் கெடுத்துடுவீங்க போல. ஷோபா, தூக்கி குப்பைல போடு."

"எனக்காவ ஒரு வாயி துன்னுட்டுப் போயேன்டா" என்றாள் அவள்.

"டா போட்டுப் பேசாதீங்க. காதுல விழும்."

போய்விட்டான். நான் அடையைக் குப்பையில் போடவில்லை, ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்தேன். அவள் என்னைப் பார்த்து, "கடைசில சொல்வான் இல்ல?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அவள் மேலேயே வந்தது. இன்னுமா நம்புகிறாய் கிழவி என்று கத்தியிருப்பேன்.

அதற்குள் சாரா அம்மாள் ஹாலிலிருந்து கூப்பிட்டார். சமைத்தவரைப் பார்க்க வேண்டுமாம். பார்வதம்மா துண்டை அவிழ்த்து எறிந்தாள், முகத்தைக் கழுவிக்கொண்டாள், பட்டை நீவிவிட்டுக்கொண்டாள். ஹாலுக்குள் போய் மேஜை அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் முகத்தையே பார்த்தாள். சாப்பாடு முடிந்துவிட்டது. எல்லோரும் இருக்கிறார்கள். அவன் எழுந்து நின்றான்.

"இவங்க பார்வதம்மா. லோக்கல் குக்" என்றான்.

"ரெசிபி எல்லாம் யாரோடது மனோகர்? பட்லரோடது மட்டும்தானா?"

"இல்ல சாரா. கொழம்பு எங்கம்மாவோடது."

பார்வதம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ஒயின் கிளாசைப் பார்த்துக்கொண்டு மேலே பேசினான்.

"அம்மா இப்ப இல்ல. எனக்குப் பத்து வயசு இருக்கும்போதே போயிட்டாங்க. ரொம்ப அழகா இருப்பாங்க. பியானோ அவங்களும் வாசிப்பாங்க. இந்த லஞ்ச் அவங்க ஞாபகத்துக்குத்தான்."

சாரா அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருத்தர் கிளாசைத் தூக்கி, "அம்மாவுக்கு" என்றார். எல்லோரும் கிளாசைத் தூக்கிக் குடித்தார்கள். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள், கத்துவாள், அவன் சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நானும் கூடப் பிடித்திருப்பேன், வேலையாவது மண்ணாவது. அவள் ஒன்றும் செய்யவில்லை. அந்த முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அடங்கிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

சாரா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் அன்பாகத்தான் கேட்டார். "உங்க வீட்ல இந்த சாப்பாட்டோட என்னம்மா குடிப்பீங்க? உங்க ஊர்ல எது ஜோடி?"

"நான் குடிக்கறது இல்லம்மா" என்றாள் பார்வதம்மா. "நாங்க செத்தவங்களுக்கு வெப்போம்."

"செத்தவங்களுக்கா?"

"படையல். செத்தவனுக்கு இன்னா புடிக்குமோ அத்த ஆக்கி இலைல வெப்போம். பக்கத்துல ஒரு கிளாஸ்ல சரக்கு ஊத்தி வெச்சி, பேர் சொல்லி கூப்டுவோம். எனக்கு ஒரு பையன். அவனுக்கு இன்னும் நான் படையல் வெக்கல. வருவான், வருவான்னு பாத்துகினு இருந்துட்டேன். ஒங்க இத்தாலி சரக்குல ஒரு கிளாஸ் குடுத்தீங்கன்னா இன்னிக்கி வெச்சிடறேன்."

மனோகர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அதெல்லாம் இங்க எதுக்கு? உள்ள போங்க."

"நோ நோ, மனோகர். எவ்ளோ அழகான பழக்கம்! செய்யட்டும். அம்மா, நீங்க செய்ங்க." சாரா அம்மாள் தானே ஒரு கிளாசை நகர்த்திக் கொடுத்தார். "உங்க பையன் எப்படிம்மா போனாரு?"

"மைன்ல. ஆளுங்கள எறக்கற கேஜ்ல ஏறி கீழ போனான். கேஜ் மட்டும்தான் மேல வந்துச்சு."

மைனை மூடும்போது முனியப்பன் அரை டிரவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். வயதைக் கணக்குப் போட்டுப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. போன்களை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானார்கள்.

அவள் சமையலறையிலிருந்து வாழை இலையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். கருவாடு வைத்தாள், வறுவல் வைத்தாள், களி வைத்துக் குழம்பு ஊற்றினாள். நான் மூடி வைத்திருந்த அடையையும் கொண்டுவந்து வைத்தாள். கிளாசில் ஒயின் ஊற்றச் சொல்லி என்னைப் பார்த்தாள். ஊற்றினேன். மேஜையில் அழகுக்கு எரிந்த மெழுகுவர்த்தியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். கையைக் கூப்பினாள்.

"முனியப்பா. ஆறுமுகம் மவனே, முனியப்பா. காரம் போடாமதான் ஆக்கியிருக்கேன். வந்து துன்னுட்டுப் போ."

மூன்று முறை கூப்பிட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் சுவரோடு சுவராக நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. சாரா அம்மாள் அதைப் பார்த்து, தன் அம்மாவை நினைத்துக்கொண்டான் போல என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

"வூட்டு ஆம்பள ஒருத்தர் மொதல்ல எடுத்து வாயில வெக்கணும்" என்றாள் பார்வதம்மா. "அப்பதான் செத்தவனுக்குப் போயி சேரும். எங்க வூட்ல ஆம்பள இல்ல. இன்னிக்கி இந்த பங்களாவுக்கு ஆம்பள சார்தான். வாங்க சார்."

"மனோகர்! போங்க மனோகர்!" என்று கை தட்டினார்கள். அவன் என்னைப் பார்த்தான். என்னை ஏன் பார்க்கிறான்? எனக்குத்தான் அவனைப் பற்றி ஒன்றும் தெரியாதே. நான் பாட்டிலைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

வந்தான். வராமல் எங்கே போவான்? அவள் அடையைப் பிட்டாள். தன் கையாலேயே அவன் வாயில் வைத்தாள். விரல் உதட்டில் பட்டது. காலையில் தொடவிடாத முகம். அவன் மென்றான். மென்றுகொண்டே இருந்தான், விழுங்க முடியவில்லை. அவள் கிளாசை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

வெல்லமும் நெய்யும் அப்பின நாக்குக்கு அந்த ஒயின் எப்படி இருக்கும் என்று அந்த ஹாலில் எனக்கும் அவனுக்கும் தெரியும். சாரா அம்மாளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், சடங்கைப் பார்க்கிற ஆசையில் மறந்துபோனார். நுரை முள்ளாகக் குத்தும். இனிப்பு போன இடம் தெரியாது. காடிப் புளிப்பு வந்து நிற்கும், அதன் பின்னால் கசப்பு வந்து போகாமல் இருக்கும். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசைக் கீழே வைக்கப் போனான்.

"முழுசும் குடிங்க சார்" என்றாள். "மிச்சம் வெக்கக் கூடாது. மிச்சம் வெச்சா, செத்தவன் மறுபடியும் வூட்டத் தேடி வந்துடுவான்."

விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். அவன் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, நுரை மூக்கில் ஏறினதாலும் இருக்கலாம். எனக்கு இரக்கம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

"இதுதான் மனோகர்!" சாரா அம்மாள் துள்ளிக்கொண்டு எழுந்தார். "இத அப்படியே நம்ம ரெஸ்டாரண்ட்ல வெக்கறோம். கடைசி கோர்ஸ். படையல்! பேசி முடிச்சாச்சு, நாம தொறக்கறோம்."

எல்லோரும் அவனுக்குக் கை கொடுத்தார்கள். அவன் கேட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது. எல்லோரும் வராந்தாவுக்குப் போனதும் அவன் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினான். பார்வதம்மா சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றான்.

அந்தச் சொல்லுக்காகத்தான் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள். அவள் தலையைத் தூக்கவில்லை.

"அம்மா, இன்னாம்மா இப்டி பண்ட்ட? அவங்க முன்னாடி என்னால எப்டிம்மா சொல்ல முடியும்? அம்மா, என்னப் பாரும்மா."

"யாரு சார் அம்மா?" என்றாள். "ஒங்கம்மா பத்து வயசுலயே பூட்டாங்கன்னு இப்பதான சொன்னீங்க. எம்பையனும் பூட்டான். செத்தவங்க ரெண்டு பேரு கீற எடத்துல இன்னா பேச்சு? வழிய வுடுங்க."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்தான், புடவையைப் பிடித்தான். அவள் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். அங்கே தண்ணீர்த் தொட்டி இருந்தது, பக்கத்தில் ஒரு வாளி. அவள் வாளியை மொண்டு, கட்டின பட்டோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். பிணத்தை எடுத்து அனுப்பிவிட்டு வீட்டுப் பெண்கள் எப்படி ஊற்றிக்கொள்வார்களோ அப்படி. இன்னொரு வாளி மொண்டாள்.

வராந்தாவிலிருந்து அந்த இடம் நன்றாகத் தெரியும். சாரா அம்மாள் எட்டிப் பார்த்தார். அவன் அதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றிருந்தான்.

"மனோகர், அவங்க ஏன் பட்டுப் பொடவையோட குளிக்கறாங்க?"

எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் அது ஏன் என்று தெரியும். நானும் பாட்டிலோடு பின்னால் நின்றேன். இப்போதாவது வாயைத் திறப்பான் என்று எனக்கே ஒரு நிமிடம் ஆசை வந்தது.

"வெயிலா இருக்கு இல்லியா, அதான்" என்றான். "அடுப்புகிட்டயே நின்னுட்டு இருந்தாங்க."

"ஓ, பாவம்" என்றார் சாரா அம்மாள். காலிக் கிளாசை என் பக்கம் நீட்டினார். ஊற்றினேன். பார்வதம்மா அடுத்த வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.